லான் கேபிள் வழியே மின்சாரம்: ஸ்பிளிட்டரின் உபயோகம்

களத்துமேட்டிலும் மாட்டுக்கொட்டிலிலும் பம்புசெட் அறையிலும் கேமரா வைத்துக் காவல் செய்யும் வழக்கம் குடியானவர்களிடையே வெகுவாகப் பரவிவருகிறது. மோட்டார்க் கம்பித் திருட்டும் ஆடு மாடு திருட்டுமே இதற்கு முக்கிய காரணங்கள். கேமரா வாங்குவது சுலபம். அதற்கு மின்சாரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே கஷ்டம். வீட்டிலிருந்து எழுபது எண்பது மீட்டர் தூரத்திலுள்ள கொட்டிலுக்கு, ஒரு சாண் நீளமுள்ள கேமராவின் பொருட்டு, 230 வோல்ட் ஒயரை மூங்கிற் கழிகளின்மீதும் வேலியின்மீதும் இழுத்துவிடுகிறார்கள். அவ்வொயர் வெயிலில் மேலுறை வெடித்து, மழையில் நனைந்து, என்றேனும் ஒரு நாள் அறுந்து வரப்பில் விழுந்தால் மாட்டையோ மனிதரையோ பலிகொள்ளாமல் விடுவதில்லை. ஐந்தாறு வாட் மின்சாரம் மட்டுமே வேண்டிய ஒரு சிறு கருவிக்காக இவ்வளவு பெரிய அபாயத்தைத் தோட்டத்தில் வளர்த்துவைப்பது அநாவசியம். கேமராவின் செய்தி எந்தக் கேபிள் வழியே வீட்டுக்கு வருகிறதோ, அதே கேபிள் வழியாக மின்சாரத்தையும் அனுப்பிவிடலாம். கருவி அதற்கென்று செய்யப்படாததாயினும் பாதகமில்லை. ஸ்பிளிட்டர், அதாவது பிரிப்பான், என்னும் சிறு பெட்டியை இடையில் வைத்துக்கொண்டால் போதும்.

தாம்பரத்துக்குக் கிழக்கே வேளச்சேரிச் சாலையை ஒட்டியுள்ள செம்பாக்கம், ஏரியைச் சார்ந்த கிராமமாயிருந்து, பின்பு பேரூராட்சியாகி, நகராட்சியாகி, 2021-ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டுவிட்டது. வயல்கள் பெரும்பாலும் மனைகளாய்விட்டன. எனினும் ஏரி இருக்கிறது. அதன் உபரிநீர் நன்மங்கலம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்வதும் நிற்கவில்லை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள இத்தகைய ஊர்களில் பட்டணத்துக் கருவிகளும் கிராமத்து அசௌகரியங்களும் ஒன்றாகவே காணப்படும். இணைய இணைப்பு கூடத்தில் இருக்கும். பசு நிற்பது கொல்லைப்புறத்தில். வீட்டில் ஏற்கெனவே உள்ள பழைய 12 வோல்ட் கேமராவையும் 9 வோல்ட் ரௌட்டரையும் எறிந்துவிட்டுப் புதியன வாங்க எல்லோருக்கும் வசதியிராது. பிரிப்பான் பயன்படுவது இவ்விதமான இடங்களில்தான்.

கிராம அதிகாரிகளுக்கும் இவ்விஷயம் சம்பந்தமற்றதன்று. தமிழ்நாட்டிலுள்ள 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கேபிள் மூலம் இணையத்தைக் கொண்டுசெல்லும் பாரத்நெட் வேலை டான்பிநெட் என்னும் அரசு நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டது. கண்ணாடியிழை ஒளியைக் கொண்டுவருமேயன்றி மின்சாரத்தைக் கொண்டுவராது. ஆகையால் ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் இழை வந்து முடியுமிடத்திலிருந்து, அறைக்கு அறையும் கட்டடத்துக்குக் கட்டடமும் கருவிகளை நடத்தும் மின்சாரத்தை ஊரார்தான் ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். கரண்ட் நின்றவுடன் சான்றிதழ் வேலையும் நின்றுபோகும் அலுவலகங்களில் இதன் அருமை நன்கு விளங்கும்.

ஒரே கம்பியில் செய்தியும் மின்சாரமும்

செய்தி செல்லும் கம்பியிலேயே மின்சாரத்தை அனுப்புவது புதிய யுக்தியன்று. சென்னையில் டெலிபோன் நிலையம் ஏற்பட்டது 1882-ஆம் ஆண்டு ஜனவரியில். அக்காலத்து டெலிபோன்களில் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனி பாட்டரி வேண்டியிருந்தது. மணியடிப்பதற்குக் கைப்பிடியைச் சுழற்றவேண்டும். அந்நூற்றாண்டின் இறுதியில் மேல்நாடுகளில் வேறு முறை வந்தது. நிலையத்தில் ஒரே பெரிய பாட்டரியை வைத்து, பேச்சு செல்லும் அதே இரண்டு கம்பிகள் வழியாக வீட்டுக் கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அனுப்பினார்கள். பிற்காலத்தில் 48 வோல்ட் என்பதே இதற்குப் பொதுவான அளவாயிற்று. வீட்டில் விளக்கு அணைந்திருக்கும்போதும் பழைய டெலிபோன் பேசிற்று என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணம் இதுவே.

கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி சாலையில் தோன்றியது. அதில் செய்தி மட்டுமே சென்றது. பின்னர் அம்முறையிலேயே பேசும் டெலிபோன்கள் வந்தபோது, ஒவ்வொரு மேஜைக்கும் தனி அடாப்டர் வைப்பது தொல்லையாயிற்று. பழைய டெலிபோன் வித்தையே மறுபடியும் கைகொடுத்தது. ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் சங்கம் 2003-இல் இதற்கு ஒரு பொதுவிதியை வகுத்து 802.3 ஏஎப் என்று பெயரிட்டது. 2009-இல் அதிக சக்தி கொடுக்கும் ஏடி விதியும், 2018-இல் அதனினும் பெரிய பிடி விதியும் வெளியாயின. கடைகளில் இவையனைத்தையும் சேர்த்துப் பிஓஇ என்று சொல்லுகிறார்கள்.

லான் கேபிளினுள் எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கும். செய்தி என்பது ஒரு ஜோடியின் இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள சிறு வேற்றுமையாக ஓடுவது. மின்சாரமோ ஒரு ஜோடி முழுவதிலும் சமமாகப் போய் மற்றொரு ஜோடி முழுவதிலும் சமமாகத் திரும்புகிறது. இரண்டு கம்பிகளும் ஒன்றுபோல் உயர்ந்து நிற்பதால் அவற்றின் வேற்றுமையாகிய செய்திக்குக் குந்தகம் ஏற்படுவதில்லை. இரண்டு பேர் காவடியாகத் தண்டைச் சுமந்து செல்லும்போது, ஒருவர் தோள் மற்றவர் தோளைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது செய்தி. இருவரும் சேர்ந்து சுமக்கும் பாரம் மின்சாரம். மறுமுனையில் இவ்விரண்டையும் பிரித்தெடுப்பதே பிரிப்பானின் வேலை. அதன் ஒரு பக்கத்தில் கேபிள் வந்து சேரும். மறுபக்கத்தில் இரண்டு வால்கள் இருக்கும். ஒன்று செய்தியை மட்டும் கொண்ட சிறு லான் கேபிள். மற்றொன்று 48 வோல்ட்டை 12 ஆகவோ 9 ஆகவோ 5 ஆகவோ இறக்கித் தரும் மின்முனை. பிஓஇ இன்னதென்றே அறியாத பழைய கேமரா, தன் சொந்த அடாப்டரில் ஓடுவதாகவே கருதி வேலை செய்யும்.

48 வோல்ட் எதற்கு?

கேமராவுக்கு வேண்டியது 12 வோல்ட். அதை முதலிலேயே 12 வோல்ட்டாக அனுப்பிவிட்டால் பிரிப்பானில் இறக்கும் வேலை மிச்சமல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும்.

நல்ல செப்பு லான் கேபிளில் ஒரு கம்பியின் தடை நூறு மீட்டருக்குச் சுமார் 9 ஓம். எண்பது மீட்டருக்கு 7.2 ஓம். போவதற்கு ஒரு ஜோடியும் வருவதற்கு ஒரு ஜோடியும் உபயோகிப்பதால், போகவரத் தடை மொத்தம் 7.2 ஓம் ஆகிறது. இதில் 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் அனுப்பினால் 7.2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கொட்டிலுக்குப் போய்ச் சேருவது 4.8 வோல்ட், கேமரா கண் விழிக்காது. அதே 12 வாட் சக்தியை 48 வோல்ட்டில் அனுப்பினால் ஓடுவது கால் ஆம்பியர்தான்; வழியில் இழப்பது 1.8 வோல்ட். வாட் கணக்கில், முன்னதில் 7.2 வாட் கேபிளைச் சூடாக்குவதில் செலவாகிறது. பின்னதில் அரை வாட்கூட இல்லை. வோல்ட் நான்கு மடங்கு உயர்ந்தபோது நஷ்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. குழாயில் அதிக அழுத்தத்தில் கொஞ்சம் தண்ணீரும், குறைந்த அழுத்தத்தில் அதிகத் தண்ணீரும் ஒரே வேலையைச் செய்யக்கூடுமாயினும், பின்னதற்குப் பருத்த குழாய் வேண்டுமென்பது சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தாம்பரத்துக்காரர்கள் இதற்கு வெகுதூரம் உதாரணம் தேடவேண்டாம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத்தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அப்போது மேல்கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1967-ஆம் ஆண்டில் அதை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். ரயிலுக்குப் பொருந்திய நியாயம் மாட்டுக்கொட்டிலுக்கும் பொருந்துகிறது, அளவுதான் வேறு. லான் கேபிளில் 48-க்கு மேல் வெகுவாக ஏற்றாததற்குக் காரணம், நேர்மின்சாரம் 60 வோல்ட்டுக்குள் இருந்தால் சாதாரணமாக உயிருக்கு ஆபத்தில்லை என்று நிபுணர்கள் கொண்டிருப்பதே. ஈரக்கையோடு அதையும் தீண்டிப் பார்க்கவேண்டுமென்பது இதன் பொருளன்று.

எவ்வளவு கிடைக்கும்?

ஏஎப் விதிப்படி மூலத்தில் ஒரு துவாரத்துக்கு 15.4 வாட் வரையில் கொடுக்கப்படும்; நூறு மீட்டர் கடந்து மறுமுனையில் நிச்சயமாகக் கிடைப்பது 12.95 வாட். ஏடி விதிப்படி மூலத்தில் 30, முனையில் 25.5. பிடி விதியில் பெரிய வகை மூலத்தில் 90 வாட்டும் முனையில் சுமார் 71 வாட்டும் தரும். நூறு மீட்டரென்பது எல்லாவற்றுக்கும் பொதுவான எல்லை. அதற்கப்பால் மின்சாரம் சேர்ந்தாலும் செய்தி தடுமாறும்.

மேலே கண்டதில் பிரிப்பானே பத்து முதல் பதினைந்து சதவீதம் வரையில் தின்றுவிடும். ஆகவே ஏஎப் வகைப் பிரிப்பானின்மீது 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருப்பினும், நீண்ட கேபிளில் 0.9 ஆம்பியருக்குமேல் எதிர்பாராதிருப்பது நலம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய கேமரா, இருட்டியவுடன் அணைந்து அணைந்து எரிவதாகப் பலர் குறை சொல்லுவார்கள். கேமராவில் பழுது இராது. இருட்டில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகள் இரவில்தான் எரியும். அப்போது தேவை கூடும். பிரிப்பானோ மூலமோ அதைத் தாங்காமல் நின்று, மறுபடி தொடங்கும். திருடன் வருவது இரவிலாகையால், வாங்குமுன் இரவுத் தேவையைக் கணக்கிடாத காவல் பெயரளவில்தான் காவல். அடாப்டரின்மேல் அச்சிட்டுள்ள ஆம்பியரை அப்படியே கொள்ளாமல், கேமராவின் அடியிலோ அதன் சீட்டிலோ கண்ட அதிகபட்ச வாட்டைப் பார்க்கவேண்டும். அது பத்தைத் தாண்டினால் ஏடி வகை மூலமும் ஏடி வகைப் பிரிப்பானும் வாங்குவதே சரி.

எட்டு துவாரமுள்ள சுவிட்சு எட்டுக்கும் முழுச் சக்தி தருமென்று எண்ணுவதும் தவறு. மொத்தம் 60 வாட் உள்ள சுவிட்சு, 15.4 வாட் வீதம் நான்கு கருவிகளைக்கூட முழுமையாகத் தாங்காது.

இதனால் பம்புசெட்டை ஓட்ட முடியுமா என்று கேட்போருக்குச் சுருக்கமாகச் சொன்னால், முடியாது. 5 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 3,700 வாட் வேண்டும். மோட்டாரைச் செல்போனிலிருந்து நிறுத்தவும் ஓட்டவும் வைக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி, மண் ஈரம் காட்டும் கருவியின் வாங்கி, மழை காற்றுப் பதிவுக் கருவி, ரௌட்டர், கொட்டிலில் பாம்பு பூச்சி தெரிய எரியும் ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றை நடத்தலாம். பாசன வால்வுகளில் பல 24 வோல்ட் மாறுமின்சாரத்தில் வேலை செய்பவை. பிரிப்பான் தருவது நேர்மின்சாரமாகையால் அவற்றுக்கு ஒவ்வாது.

நல்ல பிரிப்பானும் போலியும்

விதிக்கு இணங்கிய மூலம் எடுத்தவுடன் 48 வோல்ட்டை அனுப்பிவிடாது. முதலில் பத்து வோல்ட் அளவுக்குட்பட்ட சிறு மின்சாரத்தை அனுப்பி, மறுமுனையில் சுமார் 25,000 ஓம் தடை இருக்கிறதா என்று சோதிக்கும். அத்தடைதான் பிஓஇ கருவியின் அடையாளச்சீட்டு. இருந்தால் மடை திறக்கும். இல்லையேல் மூடியபடியே இருக்கும். இதனால் சாதாரணக் கம்ப்யூட்டரையோ ரௌட்டரையோ தவறிச் செருகினாலும் கெடுவதில்லை. நல்ல பிரிப்பானுக்குள் இவ்வடையாளத் தடையும், வோல்ட்டை இறக்கும் மின்சுற்றும் இரண்டும் இருக்கும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இதே பெயரில் வேறு மூன்று சாமான்களும் கிடைப்பதால், பெயரை மட்டும் சொல்லிக் கேட்டு வாங்குவோர் ஏமாறுவதற்கு இடமுண்டு. முதலாவது, இரண்டு துண்டாக ஒரே உறையில் விற்கப்படும் மிக மலிவான ஜோடி. அதில் மின்சுற்று எதுவும் கிடையாது. வீட்டுமுனையில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் சும்மா கிடக்கும் நான்கு கம்பிகள் வழியே அது அப்படியே மறுமுனைக்குப் போகும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு அது போதும்; எண்பது மீட்டருக்கு என்னவாகுமென்பதை மேலே கண்டோம். அதைக்கொண்டுபோய் விதிப்படி அமைந்த சுவிட்சில் செருகினால், அடையாளத் தடை இல்லாமையால் ஒன்றும் நடவாது. கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. சோதனையின்றி எப்போதும் 24 அல்லது 48 வோல்ட்டை அனுப்பிக்கொண்டேயிருக்கும் இன்ஜெக்டர்களும் சந்தையில் உண்டு. இம்மலிவுத் துண்டை அவற்றோடு இணைத்தால், 12 வோல்ட் கேமராவுக்குள் 48 வோல்ட் நேரே பாய்ந்து ஒரு நொடியில் அதைச் சாம்பலாக்கிவிடும். இவ்வகையில் கெட்ட கேமராவுக்குக் கம்பெனியாரும் ஈடு கொடார்.

இரண்டாவது, ஒரு துவாரத்தை இரண்டாக்கும் சிறு முனை. இதற்கும் ஸ்பிளிட்டர் என்றே பெயர். மின்சாரத்தைப் பிரிக்கும் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது, கண்ணாடியிழையின் ஒளியைப் பல கிளைகளாக்கும் ஸ்பிளிட்டர்; அது இணையக் கம்பெனிக்காரர் உபயோகத்துக்கு உரியது. ஆகையால் கடையில் கேட்கும்போது, ‘48 வோல்ட் வாங்கி 12 வோல்ட் கொடுக்கும் ஏஎப் வகைப் பிஓஇ ஸ்பிளிட்டர்’ என்று முழுமையாகச் சொல்லிக் கேட்கவேண்டும். விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். பெட்டியின்மேல் 802.3 என்னும் எண் காணப்படாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சில பிரிப்பான்களில் 5, 9, 12 என்று வோல்ட்டை மாற்றும் சிறு விசை இருக்கும். கருவியை இணைக்குமுன் விசையைச் சரியான எண்ணில் வைத்து, மீட்டரால் ஒருமுறை அளந்து பார்த்துவிட வேண்டும். மின்முனையின் உள் துவாரம் 2.1 மில்லிமீட்டராகவும் 2.5 மில்லிமீட்டராகவும் இரு வகையில் வருகிறது. பொருந்தாததைத் திணித்தால் அரைகுறையாகத் தொட்டு, கேமரா அடிக்கடி நின்றுபோகும். நடுமுனை நேரா எதிரா என்பதையும் பழைய அடாப்டரின் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுதல் அவசியம்.

கேபிள் வாங்குவதில்தான் மோசம் அதிகம். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதைச் செப்புக் கேபிள் என்று விற்கிறார்கள். அதன் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்குமேல் இருக்கும். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்: உள்ளே வெள்ளையாயிருந்தால் அலுமினியம். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் லேசாக இருக்கும். கேபிளில் மிச்சம்பிடித்த பணத்தைக் கேமராவில் தொலைப்பது இலாபமாகாது.

கேபிள் போடும் முறை

வீட்டுக்குள் உபயோகிக்கும் சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் இரண்டு கோடைக்கே வெடித்துவிடக்கூடும். வெளியில் போடுவதற்குக் கருநிற மேலுறையுள்ள கேபிளே ஏற்றது. அதையும் குழாயினுள் செலுத்திப் புதைத்தால் எலிக்கும் அணிலுக்கும் எட்டாது. 230 வோல்ட் ஒயர் செல்லும் குழாயிலேயே இதையும் நுழைப்பது கூடாது. சும்மா கிடக்கும் இரண்டு கம்பிகளில் 230 வோல்ட்டையே அனுப்பிவிடலாமென்று சில கைவேலைக்காரர்கள் யோசனை சொல்லுவார்கள். லான் கேபிளின் மெல்லிய உறை அதைத் தாங்காது. மறுமுனையைத் தொட்டவருக்கு மரணம் நிச்சயம் என்றே கொள்ளவேண்டும். அப்படிச் சொல்லுபவரிடம் வேறெந்த வேலையும் கொடாதிருத்தல் உத்தமம்.

பிரிப்பான் நனையக்கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, கேபிள் அடிப்பக்கமாக நுழையும்படி செய்யவேண்டும். நுழையுமுன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். நேர்மின்சாரம் எப்போதும் ஓடும் முனையில் ஈரம் பட்டால் வெகு சீக்கிரம் பச்சைக் களிம்பு பிடிக்கும். செய்தி மட்டும் செல்லும் முனையைவிட இது விரைவில் அரிக்கப்படும். துவாரங்களை அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடிபுகுவது உறுதி. பெட்டியின் வெதுவெதுப்பு அவற்றுக்கு இன்பமாயிருக்கும் போலும்.

இடியைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். வெட்டவெளியில் எண்பது மீட்டர் செப்புக் கேபிள் என்பது மின்னலின் வீச்சை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவர ஏற்ற பாதை. நேரே விழாமல் அருகில் விழுந்தாலே சுவிட்சின் துவாரங்கள் கருகிப்போகலாம். கேபிளின் இரு முனைகளிலும் மின்னல் தடுப்புப் பெட்டி வைத்து, ஒவ்வொன்றையும் நல்ல எர்த்தோடு சேர்க்கவேண்டும். தென்னைமரத்தில் கேபிளைக் கட்டுவது மின்னலைக் கூப்பிட்டு வீட்டுவழி காட்டுவதற்கு ஒப்பாகும். தூரம் நூறு மீட்டரை மிஞ்சினாலோ, இரண்டு கட்டடங்களுக்கும் வெவ்வேறு மின் இணைப்பு இருந்தாலோ, செய்திக்குக் கண்ணாடியிழையைப் போட்டு, அப்பக்கத்து மின்சாரத்துக்குச் சிறு சூரியசக்தித் தகடும் பாட்டரியும் வைப்பதே மேல். பம்புசெட்டுக்கென்று கொடுக்கப்பட்ட இலவச விவசாய இணைப்பிலிருந்து வேறு கருவிகளுக்கு மின்சாரம் எடுப்பதற்கு விதிகள் உண்டு. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டறியாமல் அதில் கைவைக்கலாகாது.

வெள்ளகாலத்தில்

தாம்பரம் பகுதியினருக்கு இம்முறையால் உண்டாகும் பெரிய அநுகூலம் மழைக்காலத்திலேயே தெரியவரும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி ஒரு நாளில் தாம்பரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிறைந்து வழிந்தன. அபாயத்தைத் தவிர்ப்பதற்காகப் பல பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோதும் புறநகர்கள் பல நாள் இருளில் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இவ்வாறே வருத்திற்று. இத்தகைய சமயங்களில் கொட்டிலில் ஒரு அடாப்டர், வாயிலில் ஒரு அடாப்டர், கிணற்றடியில் ஒரு அடாப்டர் என்று பிரிந்து கிடக்குமானால் ஒவ்வொன்றுக்கும் பாட்டரி வைப்பது இயலாத காரியம். எல்லாம் ஒரே சுவிட்சிலிருந்து லான் கேபிள் வழியாக ஓடுமானால், அச்சுவிட்சு ஒன்றை மாடியில் வைத்து இன்வெர்ட்டரோடு சேர்த்துவிட்டால் போதும். மாடும் கதவும் கிணறும் கண்ணில்படும்.

கணக்கும் சாதகமாகவே இருக்கிறது. ஆறு வாட் வீதம் மூன்று கேமராக்களுக்குப் பதினெட்டு. சுவிட்சுக்கும் ரௌட்டருக்குமாகப் பன்னிரண்டு. ஆக முப்பது வாட். வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட்-மணி அடங்கும். பாதிக்குமேல் இறக்கினால் பாட்டரியின் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரில் ஒரு மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 600 வாட்-மணி கையில் நிற்கும். முப்பது வாட்டுக்கு இது இருபது மணி நேரம் வரும். மின்விசிறியை அதே பாட்டரியில் ஓட்டாமலிருக்க வேண்டுமென்பதே நிபந்தனை. வெள்ளம் ஏறுவதற்குமுன் தரைமட்டத்திலுள்ள 230 வோல்ட் பிளக்குகளையெல்லாம் நிறுத்திவிட்டு, மாடியிலிருந்தே மாட்டுக்கொட்டிலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று பார்த்து, வேண்டிய நேரத்தில் கயிற்றை அவிழ்த்துவிடலாம். 2015-இல் இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர்கள் இதன் பொருளை அறிவார்கள்.

ஊராட்சி அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இவ்வேலையைச் செய்விக்கும் அதிகாரிகள், வேலை முடிந்தவுடன் சுவிட்சின் ஒவ்வொரு துவாரத்தின்மேலும் அது எக்கருவிக்குச் செல்லுகிறதென்றும், மறுமுனையில் பிரிப்பான் உண்டா இல்லையா என்றும், பிரிப்பான் விசை எத்தனை வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கிறதென்றும் எழுதி ஒட்டச்செய்து, அதன் நகல் ஒன்றை அலுவலகப் பதிவேட்டில் வைக்கவேண்டும். வேலை செய்தவர் வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு பழுது பார்க்க வருபவர், 5 வோல்ட்டில் இருந்த விசையைப் பழக்கத்தின்படி 12-க்குத் தள்ளிவிடாமலிருப்பதற்கு வேறு வழியில்லை.